மரத்தை வெட்டிய பிறகு வேருக்கு என்ன ஆகிறது? தேக்குத் தோப்பு கலைப்பும் மண் கரிமமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேக்குத் தோப்பில் மரம் கலைக்கும் காலம் வந்தால், கழி என்ன விலைக்குப் போகும், ஆள்கூலி எவ்வளவு ஆகும் என்ற பேச்சுத்தான் முதலில் எழும். நியாயமான பேச்சுத்தான். ஆனால் லாரியில் ஏற்றிய மரத்தின் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. அதற்கு என்ன நேர்கிறது, அதிலுள்ள கரிமம் (கார்பன்) மண்ணில் தங்குகிறதா, அதனால் மண்ணுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். அளவாகக் கலைத்து, தழையைத் தரையிலேயே விட்டால் மண் கெடாது என்பதே அவற்றின் சாரம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தேக்கைச் சுற்றியே இருக்கும். இடையிடையே சவுக்கும் வரும்.

மரம் கலைப்பது என்றால் என்ன?

எள் விதைத்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெருக்கமாக முளைத்த பயிரை 15 நாளில் ஒருமுறை, 30 நாளில் ஒருமுறை பிடுங்கி இடைவெளி விடுகிறோமே, அதே வேலைதான். நாள்கணக்கு ஆண்டுக்கணக்காகிறது, அவ்வளவே.

தேக்கை 2 மீட்டருக்கு 2 மீட்டர் நட்டால் ஹெக்டேருக்கு 2500 மரம். ஏக்கருக்கு ஏறக்குறைய 1000. அத்தனையும் பெருமரமாகும் அளவுக்கு வெயிலும் நீரும் எந்த நிலத்திலும் கிடையாது. ஆகவே முதல் பத்தாண்டை ஒட்டி இரண்டு முறை, ஒன்றுவிட்டு ஒன்று என்ற கணக்கில் எடுப்பது வழக்கம். அதன்பிறகு கணக்கு செல்லாது, கண்தான் செல்லும். வளைந்தது, நோய்பட்டது, பக்கத்து மரத்தின் கீழ் அமுங்கியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுப்பார்கள். 50, 60 ஆண்டு கழித்துக் கடைசி வெட்டுக்கு நிற்பவை ஹெக்டேருக்கு நூற்றுச் சொச்சம் மரங்கள்தாம்.

இது நம் பக்கத்தில் புதிய வித்தை அல்ல. மலபார் கலெக்டராக இருந்த கொனோலியும் அவருக்குத் துணையாக நின்ற சாத்து மேனனும் 1840களில் இன்றைய கேரளத்தின் நிலம்பூரில் சாலியாற்றங்கரையோரம் தேக்கு நடத் தொடங்கினார்கள். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். நட்டு, கலைத்து, முற்றவிடும் முறை தென்னிந்தியாவில் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

காட்டில் மரத்தை வெட்டிக்கொண்டே மண்ணைக் காப்பாற்றுவதாகச் சொல்வது முரண் இல்லையா?

நான் பேசுவது மனிதர் நட்ட தோட்டத்தைப் பற்றி. ஒரே வயது, ஒரே இனம், வரிசையாக நட்ட மரங்கள். பல வயதும் பல இனமும் கலந்து நிற்கும் இயற்கைக் காட்டில் கலைப்பை இயற்கையே செய்துகொள்கிறது. அங்கே கோடரிக்கு வேலை இல்லை. இங்கே எழுதியிருப்பதை எடுத்துக்கொண்டு போய் அந்தக் காட்டில் பொருத்த வேண்டாம்.

வெட்டிய மரத்தின் வேர் உடனே செத்துவிடுமா?

சாகாது. பலர் நினைப்பதைவிட நெடுநாள் உயிரோடு இருக்கும். இலை உதிர்க்கும் மரமான தேக்கு, கோடையைத் தாண்டத் தேவையான மாவுச்சத்தை வேரிலும் அடிமரத்திலும் சேர்த்துவைக்கிறது. மேலே மரம் போனபின்பும் அந்தச் சேமிப்பைச் செலவழித்து வேர் மாதக்கணக்கில் மூச்சுவிடும். அதற்குள் அடிக்கட்டையிலிருந்து துளிர் கிளம்பிவிட்டால் வேருக்கு மறுபடி சோறு கிடைத்துவிடுகிறது. தேக்கும் தைலமரமும் இப்படித் துளிர்க்கும். சவுக்கு பெரும்பாலும் துளிர்ப்பதில்லை. அதன் வேர் மெல்ல அடங்கிப்போகும்.

துளிரே இல்லாமலும் அடிக்கட்டை வாழ்வதுண்டு. நியூசிலாந்தில் கௌரி என்ற மரத்தின் இலையற்ற அடிக்கட்டை ஒன்று, பக்கத்து மரங்களின் வேரோடு தன் வேர் ஒட்டிக்கொண்டதால் அவற்றின் நீரோட்டத்தில் பங்குபெற்று உயிரோடு இருந்ததை 2019-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். எல்லா இனத்திலும் வேர்கள் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. வெட்டு விழுந்த நொடியிலேயே வேர் பிணமாகிவிடுகிறது என்ற எண்ணம் தவறு என்பதற்காகச் சொல்கிறேன்.

துளிர்க்காத கட்டையில் முதலில் போவது சல்லிவேர். இரண்டு மில்லிமீட்டருக்கும் மெலிதான இவை நம் வெப்பத்தில், ஈரம் இருந்தால், ஓராண்டுக்குள் பெரும்பகுதி மக்கிவிடும். விரல் கனத்துப் பக்கவேருக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். வைரம் பாய்ந்த அடிக்கட்டையும் தடித்த வேரும் அதைவிடப் பல ஆண்டுகள் கிடக்கும்.

கலைத்து இரண்டு மழைக்காலம் கடந்த தோப்பு ஒன்றில், அடிக்கட்டையை ஒட்டி ஒரு முழ ஆழத்துக்கு நானே குழி தோண்டிப் பார்த்தேன். பேனா கனத்தில் ஒரு பக்கவேர் குறுக்கே ஓடியது. தொட்டால் பட்டை மட்டும் குழாய்போல நின்றது. உள்ளே இருந்த கட்டை முழுவதும் கறையான் மண்ணாகியிருந்தது. விரலால் அழுத்தியதும் குழாய் பிளந்தது. அதற்குள்ளே, பால்வெள்ளையாக, நூல் போல ஓர் உயிருள்ள சல்லிவேர் நீளவாக்கில் போய்க்கொண்டிருந்தது. நாலடி தள்ளி நின்ற மரத்தின் வேர் அது. செத்த வேர் விட்டுச்சென்ற பாதையில், அது மக்கிக் கொடுத்த சத்தைத் தின்றுகொண்டே ஊர்ந்திருக்கிறது. கலைப்பு என்றால் என்ன என்பதை அந்த ஒரு சாண் நீளத்தில் பார்த்துவிட்டேன் என்றே எனக்குத் தோன்றியது.

நிற்கிற மரங்களின் வேர் எப்படி மாறும்?

கலைத்த முதல் ஆண்டில் மண்ணை எடுத்துச் சலித்துப் பார்த்தால் தோப்பின் மொத்தச் சல்லிவேர் குறைந்திருக்கும். குறையாமல் எப்படி? மரங்களில் ஒரு பகுதியை எடுத்துவிட்டோமே. அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் இப்போது வெயில் கூடுதல், ஈரம் கூடுதல். இலை பெருக, வேர் காலியான பக்கமாகப் பரவுகிறது. மிதமாகக் கலைத்த தோப்பில் சில ஆண்டுகளில் அந்த இடைவெளி நிரம்பிவிடும். சில இடங்களில் கலைக்காத தோப்பைக் காட்டிலும் கூடுதலாகவே நிரம்புவதுண்டு.

தேக்குக்கு இது மற்ற மரங்களைவிட முக்கியம். நிழலையும் பொறுக்காத, பக்கத்து வேரின் நெருக்கடியையும் பொறுக்காத மரம் அது. நெருக்கத்தில் மாட்டிய தேக்கு ஒல்லியாக, உச்சியில் ஒரு கொத்து இலையோடு நிற்குமே, அதன் வேரும் அப்படித்தான் சுருங்கிக் கிடக்கும்.

சல்லிவேருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? எடை பார்த்தால் ஒன்றுமில்லையே?

எடை பார்த்தால் ஒன்றுமில்லைதான். ஒரு தோப்பின் வேர்த்தொகுதி முழுவதையும் எடுத்தாலே மேல்மரத்தின் எடையில் நான்கில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். அதில் சல்லிவேர் ஒரு சிறு பங்கு. ஆனால் தடித்த வேர் வங்கியில் போட்ட வைப்புத்தொகை என்றால், சல்லிவேர் கடைத்தெருவில் கைமாறும் சில்லறை. முளைக்கிறது, சாகிறது, மறுபடி முளைக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கரிமம் மண்ணுக்குப் போகிறது. உயிரோடு இருக்கும்போதும் வேர்நுனி சர்க்கரையும் அமிலங்களும் கசியவிட்டு நுண்ணுயிர்களுக்கும் பூஞ்சைகளுக்கும் ஊட்டுகிறது.

மேலிருந்து விழும் சருகைவிட வேர்வழி வரும் கரிமத்துக்கு மண்ணில் ஆயுள் அதிகம். பயிர்களிலும் மரங்களிலும் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 2.4 மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். காரணம் விளங்காததல்ல. சருகு தரைக்கு மேலே வெயிலிலும் நெருப்பிலும் கறையான் வாயிலும் கிடக்கிறது. வேரோ களிமண் துகளுக்குப் பக்கத்திலேயே சாகிறது. சாகும்போதே அதன் எச்சம் துகளில் ஒட்டிக்கொள்கிறது. செம்மண்ணில் இரும்பு ஆக்சைடும், கரிசலில் களியும் அதைப் பிடித்துவைக்கின்றன.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: கலைத்தால் மண் கரிமம் கூடுமா, குறையுமா?

மேலே கிடக்கும் சருகு அடுக்கில் குறையும். அதற்குக் கீழே உள்ள மண்ணில், மிதமாகக் கலைத்தால், பெரிய மாற்றம் இராது. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்புகளிலும் பொதுவாக வரும் முடிவு இதுவே. "கலைத்தால் மண் கரிமம் கூடுகிறது" என்று கொண்டாடுபவர்களையும், "கலைத்தால் எல்லாம் காற்றோடு போய்விடும்" என்று அஞ்சுபவர்களையும் பார்க்கிறேன். இருவரும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஓர் ஆழத்தில் எடுத்த மண்ணை வைத்துப் பேசுகிறார்கள்.

நடப்பது என்னவென்றால் மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இலை குறைவதால் சருகு வரத்து குறைகிறது, இது இழப்பு. செத்த வேர் ஒரே தவணையில் மண்ணுக்குள் சேர்கிறது. இது வரவு, ஆனால் அந்தப் புதுத் தீனியைக் கண்டு கிளர்ந்தெழும் நுண்ணுயிர்கள் பழைய மட்கையும் சேர்த்துத் தின்றுவிடுவதுண்டு. மூன்றாவது, தரைக்கு வெயிலும் மழையும் நேராக வருவதால் மண் சூடும் ஈரமும் மாறி மக்கும் வேகம் மாறுகிறது. ஈரமான மலைச்சரிவில் சூடு கூடினால் மக்கல் முடுக்கம் பெறும். வறண்ட சமவெளியில் மேல்மண் காய்ந்துபோய் மக்கலே நின்றுவிடலாம். நிலம்பூருக்குச் சொன்னதைப் புதுக்கோட்டைக்குச் சொல்ல முடியாது.

இந்த இழுபறி இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கடுமையாக இருக்கும். அதன்பின் நிற்கும் மரங்களின் வேரும் கீழே முளைக்கும் புல் புதரின் வேரும் ஈடுகட்டத் தொடங்கும். ஈடுகட்டுமா என்பது எத்தனை மரம் வெட்டினோம் என்பதைவிட, தரையில் எதை விட்டுவைத்தோம் என்பதைப் பொறுத்தது. இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல வருவது இதைத்தான்.

கலைத்த பிறகு மண்ணிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியேறுகிறதாமே?

வெளியேறலாம், குறையலாம், மாறாமலும் இருக்கலாம். மண்ணிலிருந்து வரும் வாயு இரண்டு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று, உயிருள்ள வேரும் அதைச் சார்ந்த பூஞ்சையும் விடும் மூச்சு. மற்றொன்று, செத்ததைத் தின்னும் நுண்ணுயிர்களின் மூச்சு. வாயுவை அளக்கத் தரையில் கவிழ்த்துவைக்கும் கருவிக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

முதல் ஊற்று எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிய ஒரு சோதனை 2001-இல் வெளியானது. வடக்கு சுவீடனின் பைன் தோப்பில், நிற்கும் மரங்களின் பட்டையை மட்டும் வளையமாக உரித்தார்கள். இலை சமைத்த சர்க்கரை பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். அந்த வழி அறுந்தது. ஒரு மரமும் வெட்டப்படவில்லை; ஆனாலும் ஒன்றிரண்டு மாதத்துக்குள் மண்ணிலிருந்து வந்த வாயு பாதிக்கும் மேல் குறைந்தது. அதாவது, மண் விடும் மூச்சில் பாதி, சில நாளுக்கு முன் இலையில் சமைத்த உணவின் மூச்சு!

ஆகவே கலைத்த தோப்பில் வாயு அளவு மாறவில்லை என்றால் மண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருளில்லை. வேரின் மூச்சு குறைந்து, மக்கலின் மூச்சு கூடி, இரண்டும் சமமாகியிருக்கலாம். முன்னது நேற்றைய சாப்பாட்டின் செலவு. பின்னது சேமிப்பிலிருந்து எடுப்பது. கணக்கில் ஒன்றாகத் தெரிந்தாலும் இரண்டும் ஒன்றல்ல.

ஒரே தடவையில் நிறைய எடுத்துவிட்டால் வேலை மிச்சமாகுமே?

வேலை மிச்சமாகும், தோப்பு தாங்காது. இளந்தோப்பில் ஒன்றுவிட்டு ஒன்று எடுப்பது வேறு. வளர்ந்த தோப்பில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் இடைவெளியை அண்டை மரங்களின் வேரும் கிளையும் மூடிவிடும். பாதிக்கு மேல் போனால் மூடப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை வெயில் தரையைத் தின்னும், உண்ணிச்செடி ஏறிக்கொள்ளும், கோடையில் அந்தப் புதரே தீக்கு விறகாகும். பல ஆண்டு கலைக்காமல் விட்டுவிட்டு, குற்றவுணர்ச்சியோடு ஒருநாள் வந்து பாதித் தோப்பைச் சாய்ப்பவர்கள்தான் அதிகம் கெடுக்கிறார்கள். தாமதமானால் இன்னும் சிறிய பங்காக, இன்னும் பல தடவையாக எடுக்க வேண்டும்.

சரி, கலைக்காமலே விட்டுவிட்டால் என்ன? மரமும் இருக்கும், மண்ணும் கலையாது.

என்னை மிகவும் வருத்தும் கேள்வி இது. நல்ல மனதோடு கேட்கிறார்கள், ஆனால் கெடுதல் அங்கேதான் நடக்கிறது.

நெருக்கமாக நிற்கும் தேக்குத் தோப்புக்குள் மழைநேரத்தில் நின்று பாருங்கள். வெளியே தூறல் நின்றபிறகும் உள்ளே பொட்டுப் பொட்டென்று சத்தம் கேட்கும். முறம் போன்ற தேக்கிலை சிறு துளிகளைக் கூட்டி ஒரு பெருந்துளியாக்கிக் கீழே விடுகிறது. எட்டுப் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்தத் துளி, மேகத்திலிருந்து விழும் துளியின் வேகத்தை ஏறக்குறைய எட்டிவிடும். கனமோ அதைவிட அதிகம். இருட்டில் கீழே புல் முளைக்கவில்லை. விழுந்த சருகைக் கோடைத்தீ எரித்துவிட்டது. துளி நேராக மண்ணில் விழுகிறது. மழை விட்டபிறகு குனிந்து பாருங்கள்: ஒவ்வொரு சிறு கல்லின் அடியிலும் விரற்கடை உயரத்துக்கு ஒரு மண்தூண் நிற்கும், கல் அதற்குக் குடைபிடித்திருக்கும். கல் இல்லாத இடத்தில் இருந்த மண்தான் போய்விட்டது. கரிமம் அதிகம் இருக்கும் மேல்மண் அது. மேலே பச்சைப் பசேலென்று தோப்பு, கீழே இப்படி.

ஜப்பானில் இதை ஒரு நாடு முழுவதற்குமான பிரச்சினையாகவே பார்க்கிறார்கள். போருக்குப் பிறகு சுகி, ஹினோக்கி என்ற இரு மரங்களை மலைமலையாக நட்டார்கள். அங்கே ஏறக்குறைய ஒரு கோடி ஹெக்டேர், காட்டுப் பரப்பில் பத்தில் நான்கு பங்கு, நட்ட காடுதான். இறக்குமதி மரம் மலிந்து, கூலி ஏறியதும் கலைப்பதைக் கைவிட்டார்கள். ஹினோக்கியின் இலை செதில் செதிலாக உதிர்ந்து மழையில் அடித்துக்கொண்டு போவதால், இருண்ட தோப்புக்குள் தரை வெறுமையாகி, சரிவுகளில் மண் அரிக்கிறது. கலைப்புக்கும் காட்டுப் பராமரிப்புக்கும் பணம் வேண்டும் என்று 2024 முதல் ஆளுக்கு ஆண்டுக்கு 1000 யென் வரி வசூலிக்கிறார்கள். மரம் வெட்டுவதற்காக மக்கள் வரி கட்டுவது விந்தையாகத் தோன்றலாம். அந்தச் சரிவுகளின் அடிவாரத்தில் ஊர்கள் இருக்கின்றன.

வெட்டிய தழை, கிளை, சருகை என்ன செய்வது? கொளுத்தினால் சாம்பல் உரமாகாதா?

கொளுத்தாதீர்கள். சாம்பலில் சுண்ணாம்பும் பொட்டாஷும் கொஞ்சம் மிஞ்சும். தழைச்சத்தும் (நைட்ரஜன்) கரிமமும் புகையாகிவிடும். செத்த வேரை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு அந்த நேரத்தில் தழைச்சத்து வேண்டும். இலையை எரித்துவிட்டால் அவை மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும், நிற்கும் மரம் வெளுக்கும்.

கழியை எடுத்துக்கொண்டு, இலையையும் சிறு கிளையையும் துண்டாக்கித் தரையோடு படியும்படி பரப்புங்கள். சரிவாக இருந்தால் சரிவுக்குக் குறுக்கே. அடிமரத்தில் குவிக்க வேண்டாம். தீப் பிடித்தால் மரம் வேகும். தோப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்குத் தீத்தடுப்புக் கோடு கட்டாயம். தழையை விட்டுவைப்பவர் அதற்குக் காவலும் இருக்க வேண்டும்.

மரத்தை இழுத்து வருவதில் என்ன இருக்கிறது?

ஆனைமலையிலும் நிலம்பூரிலும் ஒருகாலத்தில் யானைகள் இழுத்தன. இப்போது டிராக்டர். ஈரமண்ணில் டிராக்டர் நாலு தடவை போய்வந்த தடத்தில் சல்லிவேர் மூச்சுமுட்டிச் சாகும்; பல ஆண்டு அந்தக் கோட்டில் புல்கூட ஒழுங்காக வராது. ஒரே பாதையை முடிவு செய்துகொண்டு அதிலேயே போய் வாருங்கள். தோப்பெங்கும் சுற்ற விடாதீர்கள்.

சவுக்கு வெட்டியபின் வேர்க்கட்டையைத் தோண்டி விறகுக்கு விற்கிறோம். அதில் தவறு உண்டா?

கடலூர், புதுச்சேரி கடலோர மணல் நிலங்களில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது. ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பெரித்தது, கூலி கொடுத்தது. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மண்ணின் பக்கமிருந்து சொல்லியாக வேண்டும். மணலில் கரிமத்தைப் பிடித்துவைக்கக் களி கிடையாது. அங்கே மண்ணுக்குக் கிடைக்கும் நிலையான கரிமம் வேர் ஒன்றுதான். சவுக்கின் வேர்முண்டில் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. கட்டையோடு அதையும் பிடுங்குகிறோம். மிளாரையும் சருகையும் கூட்டி அள்ளியும் விடுகிறோம். மேலும் போயிற்று, கீழும் போயிற்று. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இதையே செய்தால் அந்த மணல் எதை வைத்துக்கொண்டு அடுத்த மரத்தை வளர்க்கும்?

முழுக்க நிறுத்த முடியாதவர்கள் பாதியாவது விடுங்கள். வரிசைக்கு வரிசை மாற்றித் தோண்டலாம். சருகையாவது தொடாமல் இருக்கலாம். இடையில் கலைப்பவர்கள் வேர்க்கட்டையை எக்காரணம் கொண்டும் தோண்ட வேண்டாம். தோண்டினால் நிற்கும் மரத்தின் வேர் அறும்.

தேக்குக் கட்டையில் வரும் துளிரை விடலாமா?

இரண்டு மனதாகத்தான் பதில் சொல்ல முடியும். துளிர் இருந்தால் பழைய வேர் வாழும், மண் கலையாது. ஆனைமலை டாப்சிலிப்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணியாற்றிய வன அதிகாரி ஹியூகோ வுட், மரத்தை வேரோடு அழிக்காமல் அடிக்கட்டை விட்டு வெட்டித் துளிர்க்கவிடும் முறையைக் கைக்கொண்டார். அவர் கல்லறையும் அங்கேயே தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. காட்டை மீட்பதற்கு அது அருமையான வழி.

ஆனால் கலைப்பின் நோக்கமே நிற்கும் மரத்துக்கு இடம் கொடுப்பது. துளிர் மரமாக எழுந்தால் கலைத்ததே வீண். முதல் ஓரிரு ஆண்டு ஒரு துளிரை மட்டும் விட்டு, பெரிய மரங்களின் நிழல் மூடும்போது அது தானாக ஒடுங்க விடுவது நல்லது. வேர் ஒரேயடியாகச் சாகாமல் படிப்படியாக அடங்கும்.

கலைத்த தோப்பு புயலில் சாய்ந்துவிடாதா?

முதல் இரண்டு மூன்று ஆண்டு ஆபத்து உண்மைதான். கூட்டத்தில் நின்ற மரம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து காற்றைத் தாங்கியது; இப்போது தனியாகத் தாங்க வேண்டும். அசைவு கூடக் கூட அடிமரமும் தடித்த வேரும் பருத்து ஈடுகொடுக்கும். அதற்குக் காலம் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் போன பிறகு காவிரி டெல்டாவில் வேரோடு புரண்டு கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு, பெருமரத்தின் வேர்த்தட்டு எவ்வளவு மெலிந்தும் இருக்கக்கூடும் என்று தெரியும். கடலோர மாவட்டத்தில் இருப்பவர்கள் சிறு வயதிலேயே, சிறு பங்காகக் கலைப்பது நல்லது. காற்று வரும் ஓரத்தில் இரண்டு வரிசையை நெருக்கமாகவே விட்டுவிடுங்கள்.

என் மண்ணில் கரிமம் மாறியதா என்று எப்படி அளப்பது?

மண் பரிசோதனை அட்டையில் கரிமம் 1 சதவீதம் என்று வந்தால் எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் 3000 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.3 டன் என்றால் 3900 டன் மண். அதில் ஒரு சதவீதம் 39 டன் கரிமம். கலைப்பினால் இதில் பத்தில் ஒரு பங்கு மாறினாலும் அட்டையில் 1.0 என்பது 0.9 அல்லது 1.1 ஆகும். ஒரே தோப்பில் பத்தடி தள்ளி எடுத்த இரண்டு மாதிரிக்கு இடையிலேயே அவ்வளவு வேறுபாடு இருக்கும். ஆகவே ஒரு குழி, ஒரு மாதிரி போதாது. ஏக்கருக்குப் பதினைந்து இருபது இடத்தில், அடிக்கட்டைக்கு அருகிலும் இடைவெளியிலும் எடுத்துக் கலக்குங்கள். கலைப்பதற்கு முன் ஒருமுறை எடுத்துவைக்காவிட்டால் பின்னால் எடுப்பதில் பயனில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது. டிராக்டர் ஏறி மண் இறுகியிருந்தால், அதே 30 சென்டிமீட்டர் குழாய்க்குள் கூடுதல் மண் வந்துவிடும். கரிமம் கூடியதுபோலக் கணக்கு வரும். சதவீதத்தோடு மண்ணின் அடர்த்தியையும் அளக்கச் சொல்லுங்கள். நம் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் டைகுரோமேட் முறை கரிமம் முழுவதையும் காட்டாது, முக்கால் பங்கை ஒட்டியே காட்டும். அதனால் ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் அளந்ததை மட்டும் ஒப்பிடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை போதும். ஆண்டுதோறும் அளந்தால் மழையைத்தான் அளப்பீர்கள்.

கலைப்பதற்குக் கார்பன் கிரெடிட் (கரிமத்தைப் பிடித்துவைப்பதற்காகக் கொடுக்கும், விற்றுப் பணமாக்கக்கூடிய சான்று) கிடைக்குமா?

ஜப்பானில் கலைத்துப் பராமரித்த காட்டுக்கு அத்தகைய திட்டம் உண்டு. ஆனால் அங்கும் பெரும்பாலும் கணக்கில் வருவது மரத்தின் வளர்ச்சி. மண்ணில் வரும் மாற்றம் மேலே சொன்னபடி சிறியது, அளக்கவும் கடினமானது. இரண்டு ஏக்கர் தேக்கு வைத்திருப்பவரிடம் மண் கரிமத்துக்குப் பணம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் வந்தால், கொடுக்காதீர்கள்.

எந்த மாதத்தில் கலைப்பது?

வடகிழக்கு மழை ஓய்ந்து, நிலம் காய்ந்து இறுகிய பிறகு, தேக்கு இலை உதிர்த்து நிற்கும் நாட்களில். தை, மாசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வண்டி மண்ணை அமுக்காது, விழும் மரம் பக்கத்து மரத்தின் தளிரை ஒடிக்காது, வேரில் சேமிப்பு நிறைந்திருக்கும். தழை காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில்தான் தீக்காவல் கடுமையாக வேண்டும். முதல் கோடைமழை பெய்ததும் ஒருமுறை தோப்புக்குள் போய், பரப்பிய தழையைக் கையால் விலக்கிப் பாருங்கள். அடியில் மண் ஈரமாக, கறுத்து, வெள்ளைப் பூஞ்சை இழை ஓடியிருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. வெறும் மண் பொருக்குத் தட்டிக் கிடந்தால் அந்த இடத்துக்கு இன்னும் நாலு சுமை தழை கொண்டுவந்து போடுங்கள்.